ஒரு டியூப் ரத்தமும் ஊருணித் தண்ணீரும்: லேப்களின் சுற்றுச்சூழல் கணக்கு, எளிய விளக்கம்

ரத்தப் பரிசோதனை லேபுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஊசி, பஞ்சு, கறை படிந்த கையுறை, மஞ்சள் பை என்று குப்பையைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் குப்பை கடைசியில் வருவது. ஒரு லேப் இந்த மண்ணுக்கு எவ்வளவு பாரம் என்பது பெரும்பாலும் கையில் ஊசி ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. டாக்டர் சீட்டில் என்ன எழுதினார், நாமாகப் போய் எந்தப் பேக்கேஜைக் கேட்டோம், போன மாத ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோனோமா என்பதையெல்லாம் பொறுத்து அது கூடும், குறையும்.

முதலில் அடிப்படை. ரத்தம், சிறுநீர், சளி, அறுத்தெடுத்த சதைத்துண்டு ஆகியவற்றை ஆராய்ந்து உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லும் இடம்தான் பேத்தாலஜி லேப். செட்டிநாட்டில் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் முழு லேப்கள் இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள சிறிய ஊர்களில் ரத்தத்தை மட்டும் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பும் கலெக்‌ஷன் சென்டர் இருக்கும். இந்த இடங்கள் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நடப்பது என்றால், பரிசோதனையின் தரத்தைக் கொஞ்சமும் குறைக்காமல், அதற்குச் செலவாகும் தண்ணீர், மின்சாரம், பிளாஸ்டிக், ரசாயனம் ஆகியவற்றைக் குறைப்பது. வெளியே போவது எதுவும் யாருக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? 2019-ல் வெளியான ஒரு கணக்கின்படி, உலகின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. மருத்துவத் துறையை ஒரு நாடு என்று வைத்துக்கொண்டால், புகை விடுவதில் அது உலகில் ஐந்தாவது இடத்தில் இருக்கும். அதில் லேப்பின் பங்கு சிறியதுதான். ஆனால் பல சிகிச்சைகள் ஒரு லேப் ரிப்போர்ட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. ரிப்போர்ட் தவறினால் அதன் பின்னால் வரும் அலைச்சல், மருந்து, ஸ்கேன் எல்லாம் வீண் செலவு.

ஊசிக்குப் பின்னால் இருப்பவை

சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க ஒருவர் வருகிறார். அவருக்கு ஒரு ஊசி வேண்டும், அதைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர் வேண்டும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி டியூப், கொழுப்புக்கு மஞ்சள் அல்லது சிவப்பு மூடி டியூப், ரத்த அணுக்களையும் எண்ணச் சொல்லியிருந்தால் ஊதா மூடி டியூப். அப்புறம் ஸ்பிரிட் பஞ்சு, கையுறை, பிளாஸ்டர், பார்கோடு ஸ்டிக்கர். இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் உருக்கி, வார்த்து, காமா கதிராலோ வாயுவாலோ கிருமி நீக்கி, உறையிட்டு, பெட்டியில் அடுக்கி, லாரி ஏறி வந்தவை. பயன்படுவது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான்.

ஆஸ்திரேலியாவில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி செய்யப்படும் ஐந்து பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு, ஊசி தயாராவதிலிருந்து குப்பையாவது வரை ஒவ்வொன்றின் கரியமில வாயுக் கணக்கையும் போட்டது. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனைக்கு 116 கிராம். ரத்த உறைவுப் பரிசோதனைக்கு 82 கிராம். யூரியா, உப்புச்சத்துப் பரிசோதனைக்கு 99 கிராம். ஆனால் வீக்கத்தைக் காட்டும் சிஆர்பிக்கு வெறும் 0.5 கிராம்! காரணம், வேறு பரிசோதனைக்காக எடுத்த அதே ரத்தத்தில் அதையும் சேர்த்துச் செய்துவிடலாம். தனி ஊசியும் டியூபும் வேண்டாம். மற்ற பரிசோதனைகளில் வெளியேற்றத்தின் பெரும்பகுதி ரத்தம் எடுக்கும் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. சிபிசியில் 60 சதவீதம், ரத்த உறைவுப் பரிசோதனையில் 95 சதவீதம். பெரிய பெரிய மெஷின்களும் அவற்றுக்கு ஊற்றும் ரீஏஜன்ட் என்ற பரிசோதனை ரசாயனங்களும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அந்த ஊர் எண்களை நம் ஊருக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, டியூப் எங்கே தயாராகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற வரிசை பெரிதாக மாற வாய்ப்பில்லை. லேப்பில் பசுமை என்று பேச ஆரம்பித்ததும் பலர் சோலார் பேனலுக்கும் காகிதமில்லாத ரிப்போர்ட்டுக்கும் தாவிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புவது நல்ல காரியம்தான், ஆனால் மிச்சமாவது ஒரு தாள். தேவையில்லாத ஓர் ஊசிக்குத்தைத் தவிர்த்தால் மிச்சமாவது அதைவிடப் பல மடங்கு.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. பல பரிசோதனைகள் தேவை என்றால் ஒரே நாளில், ஒரே குத்தில் எடுத்துவிடுவது நல்லது. திங்கள்கிழமை சர்க்கரை, புதன்கிழமை தைராய்டு, அடுத்த வாரம் கிட்னி என்று மூன்று டாக்டர்கள் மூன்று சீட்டு எழுதியிருந்தால், மூன்று சீட்டையும் சேர்த்து நீட்டுங்கள். லேப்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டியூபின் அளவும் ஒரு விஷயம். பரிசோதனைக்கு வேண்டிய ரத்தம் மிகக் கொஞ்சம், மிச்சம் கழிவு. கனடாவில் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கமான டியூபுக்குப் பதில் சிறிய டியூபைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. பரிசோதனைக்கு ரத்தம் பற்றாமல் போகவில்லை. நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை முதன்மைக் கணக்கில் தெளிவாகக் குறையவில்லை, ஆனால் முன்பே திட்டமிட்ட இன்னொரு கணக்கில் குறைந்தது. தினமும் ரத்தம் எடுத்து எடுத்தே நோயாளிக்குச் சோகை வரும் என்பது ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எண்பது டெஸ்ட் பேக்கேஜ்

செட்டிநாட்டில் லேப்களைப் பற்றிப் பேசினால் மாஸ்டர் செக்கப் என்ற முழு உடல் பரிசோதனையைத் தாண்டிப் போக முடியாது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும். பிள்ளைகளால் வர முடியாது, ஆனால் போனிலேயே பேக்கேஜ் புக் செய்ய முடியும். காலையில் ஒரு தம்பி பைக்கில் வந்து ரத்தம் எடுத்துப் போவார், சாயங்காலம் சிங்கப்பூருக்கு ரிப்போர்ட் போய்விடும். பாசத்தில் செய்வது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கலாம்.

முதலில் அந்த ‘80 டெஸ்ட்’ என்ற எண். சிபிசி என்பது ஒரு டியூப், மெஷினில் ஒரு ஓட்டம். அதிலிருந்து இருபது எண்கள் வரும், இருபது டெஸ்ட் என்று எழுதிவிடுவார்கள். கல்லீரல் பரிசோதனை, கொழுப்பு, சிறுநீர் எல்லாமே இப்படித்தான். எனவே எண்பது டெஸ்ட் என்பது நிஜத்தில் மூன்று டியூபும் ஒரு சிறுநீர் டப்பாவும். மேலே சொன்னபடி, எடுத்த ரத்தத்திலேயே கூடுதலாக ஒன்றைப் பார்ப்பதால் பெரிய பாரம் ஏதும் இல்லை.

அப்படியானால் என்ன பிரச்சினை? ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘இதிலிருந்து இதுவரை இருக்கலாம்’ என்று ஓர் எல்லை இருக்கும். அந்த எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வரும்படி வகுக்கப்பட்டது. மீதி 5 சதவீதம் பேர் எந்த நோயும் இல்லாமலேயே எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை நல்ல ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது எல்லையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அதாவது, நன்றாக இருக்கிறவர் ரிப்போர்ட்டிலும் ஏதோ ஓர் எண் தடித்த எழுத்தில் வருவதுதான் சகஜம்.

அந்தத் தடித்த எழுத்திலிருந்துதான் அடுத்த அலைச்சல் தொடங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து போன். மறுபடி ரத்தம். வேறு லேப்பில் ஒருமுறை. ‘எதுக்கும் ஒரு ஸ்கேன்.’ பிறகு காரில் மதுரைக்கு. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 116 கிராம் என்பது ஒரு கார் 770 மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்கிறது அதே ஆஸ்திரேலிய ஆய்வு. அந்தக் கணக்கில் ஒருமுறை மதுரை போய்வருவது 200-க்கும் மேற்பட்ட சிபிசி பரிசோதனைகளுக்குச் சமம். தேவையில்லாத டெஸ்டின் சுமை டெஸ்டில் இல்லை, அது பெற்றுப்போடும் குட்டிகளில் இருக்கிறது.

வேண்டிய பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையைப் பார்க்காமலே விட்டுக் கிட்னி கெட்டால் என்ன ஆகும்? நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு நோயாளியின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம் மட்டும் சுமார் 120 லிட்டர் வேண்டும். அது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. அதன் முன்னால் ஒரு டியூப் ரத்தம் ஒன்றுமே இல்லை. சரியான நேரத்தில் செய்த சரியான டெஸ்ட், லேப் செய்யக்கூடிய மிகப் பெரிய சுற்றுச்சூழல் சேவை.

சரியான நேரம் என்றால் என்ன? இரண்டு உதாரணங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே ஒரு மாதத்தில் திரும்ப எடுத்தால், பழைய சரக்குதான் பெரும்பாலும் தெரியும். பொதுவாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் பார்ப்பதில் அர்த்தமில்லை. உங்கள் உடம்புக்கு விதிவிலக்கு உண்டா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ‘இதைப் போன மாதம்தானே பார்த்தோம்?’ என்று கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நல்ல டெக்னீஷியன் அதை அவரே கேட்பார். “ஆச்சி, போன தடவை எடுத்த ரிப்போர்ட் இருக்கா?” என்பார். “அது உள்வீட்டுல எங்கயோ கெடக்கு தம்பி, நீ மறுபடி எடுத்துரு” என்று பதில் வரும். அறைக்கு ஓர் அலமாரி இருக்கும் வீடுகளில் ஒரு ஃபைல் காணாமல் போவது பெரிய அதிசயமில்லை. ரிப்போர்ட்டுகளைப் போனில் ஒரே இடத்தில் வைத்திருக்கப் பேரன் பேத்திகள் உதவினால், புக் செய்து அனுப்பும் பேக்கேஜைவிட அது அதிகம் பயன்படும்.

வெயிலில் கெடும் சாம்பிள்

வீணாகும் ஊசிக்குத்துகளில் இன்னொரு வகை, ‘சாம்பிள் சரியில்லை, திரும்பக் கொடுங்க’ என்பது. இது பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை டியூபுக்குள் வேகமாகப் பீய்ச்சினாலோ, டியூபைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்துவிடும். இல்லாத பொட்டாசியம் இருப்பதாக ரிப்போர்ட் காட்டும். ஊதா மூடி டியூபை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் கலக்காவிட்டால் உள்ளே கட்டி விழும், அணுக்களை எண்ண முடியாது. உறைவுப் பரிசோதனைக்கான நீல மூடி டியூபில் ரத்தம் ஒன்பது பங்குக்கு மருந்து ஒரு பங்கு என்ற விகிதம் தவறக் கூடாது. அரை டியூப் போதும் என்று விட்டால் கணக்கே மாறும்.

நம் ஊரில் இதோடு வெயிலும் சேருகிறது. அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில், சாதாரண அறை வெப்பத்திலேயே சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அணுக்கள் தின்றுவிடும். சாம்பல் மூடி டியூபில் அதைத் தடுக்க ஃபுளோரைடு இருக்கிறது, ஆனால் அதுவும் வேலையைத் தொடங்கச் சற்று நேரம் எடுக்கும். சித்திரை வெயிலில் பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வீடு வீடாகச் சுற்றிவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு லேபுக்குத் திரும்பும் பைக் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஐஸ் பேக் வைத்த பெட்டி, நல்ல பயிற்சி, சுருக்கமான சுற்று. இவற்றுக்கு யாரும் பசுமை என்று பெயர் வைப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் வைக்க வேண்டியது இதற்குத்தான்.

நான்கு நிறங்கள்

இப்போது குப்பைக்கு வரலாம். மருத்துவமனை, லேப் ஆகியவற்றின் கழிவுகளில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அட்டைப்பெட்டி, காகிதம், உறை, டீ கப். மீதி 15 சதவீதம்தான் தொற்றோ, நச்சோ, கதிர்வீச்சோ உள்ளது. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் 85-ம் 15 ஆகிவிடும். எல்லாவற்றையும் ஆபத்தான கழிவாகத்தான் கையாள வேண்டும்.

இந்தியாவில் மருத்துவக் கழிவுக்கான முதல் விதிகள் 1998-ல் வந்தன. இப்போது இருப்பவை 2016-ம் ஆண்டு விதிகள். நான்கு நிறங்கள். மஞ்சள் பைக்குச் சதைத்துண்டு, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கிருமி வளர்த்த தட்டு போன்றவை, பெரும்பாலும் எரிக்கப்படும். சிவப்புக்குப் பிளாஸ்டிக்: ஊசி நீக்கிய சிரிஞ்ச், டியூப், கையுறை. இவை கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும். குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பாவுக்கு ஊசி, பிளேடு. நீலத்துக்குக் கண்ணாடி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் டியூபின் மூடி நிறத்தையும் பையின் நிறத்தையும் குழப்பிக்கொள்வதுண்டு. நீல மூடி டியூப் நீலப் பெட்டிக்குப் போகாது, அது பிளாஸ்டிக் என்றால் சிவப்புக்குத்தான்.

சதைத்துண்டு, ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் லேப்பில் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், லேப் தானாகவே எரிப்பதும் புதைப்பதும் கூடாது. வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஆனால் ரத்த மாதிரி, கிருமி வளர்த்த தட்டு ஆகியவற்றை அனுப்பும் முன்பே லேப்பில் கிருமி நீக்கிவிட வேண்டும்.

நிறம் பிரிப்பது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் எரிஉலை. பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டயாக்ஸின் என்ற நச்சு உருவாகலாம். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, கொழுப்பில் தங்கி, ஆடு மாடு வழியாகப் பாலுக்கும் வரக்கூடியது. அதனால்தான் எரிஉலையின் இரண்டாவது அறை 1,050 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, குளோரின் கலந்த பைகளையும் கைவிடச் சொல்கிறது. மஞ்சள் பைக்குள் விழும் ஒவ்வொரு தேவையற்ற பொருளும் அந்த உலைக்குத்தான் போகிறது.

ஹைப்போகுளோரைட் கரைசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேப்காரர்கள் ஹைப்போ என்பார்கள். 1 முதல் 2 சதவீதம் போதும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் என்பது தவறான எண்ணம். கூடுதல் குளோரின் சாக்கடைக்குப் போகும், அவ்வளவுதான். வெயிலிலும் வெளிச்சத்திலும் அது வலுவிழக்கும் என்பதால் அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும். ஹைப்போவில் ஊறியதை, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். சொல்லப்போனால், உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினாலே ஹைப்போ கிடைக்கும், அது மின்வேதியியலின் பழைய பாடம். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் காரைக்குடியில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த நிலையம் அது.

‘அந்தக் காலத்தில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துத்தானே பயன்படுத்தினோம், இப்போது ஏன் இவ்வளவு பிளாஸ்டிக்?’ என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, மரத்தூண், பீங்கான் ஜாடி எல்லாம் இன்னொரு வாழ்வு பெறுவதைப் பார்த்த ஊர் அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் ஊசியிலும் சிரிஞ்சிலும் அந்த ஆசை கூடாது. சரியாகக் கொதிக்காத ஊசி வழியாக ஹெபடைடிஸ் பியும் ஹெச்ஐவியும் பரவும். தவிர, மறுபயன்பாடு எல்லாமே பசுமையாகவும் இருந்ததில்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவப் பழைய லேப்கள் பயன்படுத்திய குரோமிக் அமிலம் புற்றுநோயை உண்டாக்கும் நச்சு. அது கடைசியில் எந்தச் சாக்கடைக்குப் போயிருக்கும்?

தண்ணீர் எங்கே போகிறது

செட்டிநாடு வறண்ட பூமி. இங்கே கட்டிய வீடுகள் மழையை நம்பியவை. கூரையில் விழும் தண்ணீர் முற்றத்துக்கு இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும்படி அமைத்தார்கள். குடிக்கும் ஊருணியில் துணி துவைக்க விடமாட்டார்கள். கண்மாய்கள் ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு வழியும். இந்த அமைப்பின் அழகும் ஆபத்தும் ஒன்றே: மேலே எதை ஊற்றினாலும் அது கீழே போய்த் தங்கும்.

லேப்பில் தண்ணீர் இரண்டு வழியில் செலவாகிறது. ரத்தத்தில் உள்ள வேதிப்பொருள்களை அளக்கும் அனலைசர்கள் தங்கள் குழாய்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொள்ளும். அதற்கு உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீரை ஆர்ஓவில் அப்படி ஆக்கும்போது, சிறிய மெஷின்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை கழிவாகப் போகும். அந்தக் கழிவு நீரில் உப்பு கூடுதலே தவிர கிருமியோ நச்சோ கலந்ததில்லை. தனிக் குழாய் போட்டுத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம். செலவு ஒரு குழாயும் ஒரு தொட்டியும். இதைவிட எளிதான வேலை லேப்பில் வேறு இல்லை, ஆனாலும் பல இடங்களில் அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது.

இரண்டாவது, மெஷினின் கழிவுக் குழாயிலிருந்து வருவது. நீர்த்த ரத்தமும் ரீஏஜன்ட்டும் கலந்த திரவம். இதைத் தனியாகப் பிடித்து, கிருமி நீக்கி, பக்குவப்படுத்தித்தான் விட வேண்டும். இங்கே சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின் பார்க்கும் பழைய முறையில் டிராப்கின் கரைசல் என்ற ஒன்று உண்டு. அதில் சயனைடு இருக்கிறது. அளவு சிறிது, ஆனால் அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். சயனைடு இல்லாத மாற்று முறைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன, எனவே பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமில்லை. சில ரீஏஜன்ட்களில் கெடாமல் இருப்பதற்காகச் சோடியம் அஸைடு சேர்ப்பார்கள். அது செம்பு, ஈயக் குழாய்களில் படிந்து படிந்து வெடிக்கும் உப்பாக மாறக்கூடியது. பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து லேப் நடத்துகிறவர்கள் வாஷ்பேசினுக்கு அடியில் என்ன குழாய் போகிறது என்று ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

சதைப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி, இன்னொரு உலகம். அறுத்தெடுத்த துண்டு கெடாமல் இருக்க ஃபார்மலின். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பிறகு ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று துண்டு பல குளியல்கள் போட்ட பிறகுதான் மெல்லிய சீவலாகி ஸ்லைடில் ஏறும். சைலீன் தலைவலி தரும் கரைப்பான், மண்ணுக்கும் ஆகாது. ஆல்கஹாலையும் சைலீனையும் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தும் மெஷின்கள் உண்டு, பெரிய லேப்களுக்கு அது கட்டுப்படியாகும். சிறிய லேப் தனித்தனி டப்பாவில் பிடித்து, உரிய அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. சதைத்துண்டின் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருந்தால் போதும் என்பது பொது வழக்கம். கடுகளவு துண்டுக்கு அரை லிட்டர் டப்பாவை நிரப்பி அனுப்பும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லேப்பில் அதிகம் தின்பது ஏசி. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. மெஷின்களில் பலவும் 24, 25 டிகிரியில் நன்றாகவே ஓடும். கையேட்டில் எழுதியிருக்கும், 18-ல் வைக்க வேண்டியதில்லை. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் முற்றமும் வைத்துக் கட்டிய ஊரில், மேற்கு வெயிலைப் பார்த்து முழுக்கண்ணாடி முகப்பு வைத்துவிட்டு உள்ளே இரண்டு ஏசி ஓட்டுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரிவதில்லை. ஆழ்குளிர்ப் பெட்டி வைத்திருக்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் மைனஸ் 80-ஐ மைனஸ் 70 ஆக்கினால் அந்தப் பெட்டியின் மின்செலவில் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜ்தான்; அதன் கதவு ரப்பரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்குள் இருக்கும் குட்டி லேப்

கடைசியாக, யாரும் லேப் கணக்கில் சேர்க்காத ஓர் இடம். சர்க்கரைக்காரர் இருக்கும் வீடுகளில் குளுக்கோமீட்டர், ஸ்டிரிப், விரலில் குத்தும் லான்செட், இன்சுலின் ஊசி எல்லாம் இருக்கிறது. இவை லேப்பில் இருந்தால் வெள்ளை டப்பா, பார்கோடு என்று விதி உண்டு. வீட்டில் இருந்தால் வாழைப்பழத் தோலோடு சேர்ந்து குப்பைப் பைக்குப் போகும். காலையில் அதை வெறுங்கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் ஏறும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஷாம்பு, ஃபினாயில் வந்த கெட்டியான, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். ஊசியையும் லான்செட்டையும் குத்தியவுடன் அதற்குள் போடுங்கள். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்ட முயல வேண்டாம், பல குத்துகள் அப்போதுதான் நடக்கின்றன. முக்கால் பாகம் நிறைந்ததும் இறுக மூடி, டேப் சுற்றி, மேலே ‘ஊசி’ என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். நீங்கள் வழக்கமாக ரத்தம் கொடுக்கும் லேப்பிலோ ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அவர்களிடம் வெள்ளை டப்பாவும் வண்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்க மறுத்தால், வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் தனியாக, சொல்லிக் கொடுங்கள். ஸ்டிரிப்பையும் ரத்தம் பட்ட பஞ்சையும் காகிதத்தில் சுற்றி, மட்கும் குப்பையில் சேராமல் தனியே வையுங்கள்.